கொட்டிலை இறுக்கி மூடிய வாரம்: உறைகுளிரில் எட்டு வாத்துகள்

பின்னணி

எட்டு வாத்துகள். ஐந்து வெள்ளைப் பெக்கின், மூன்று மஸ்கோவி. மஸ்கோவியில் ஒன்று ஆண், இரண்டு பெட்டை. ஒரு தம்பதி முட்டைக்கும் ஆசைக்குமாக வீட்டுப் பின்புறத்தில் வளர்த்தவை. வசந்தத்தில் குஞ்சாக வாங்கியதால் வாத்துகளுக்கும் அவர்களுக்கும் அதுதான் முதல் குளிர்காலம். நான் அவர்களுக்குத் தெரிந்தவன், பல வருடமாக வாத்து வளர்ப்பவன், கால்நடை மருத்துவர் இல்லை. இங்கே வரும் சிகிச்சை விஷயங்களில், முதலுதவி தவிர மற்றவை மருத்துவர் சொன்னவை. மீதி முடிவுகள் எங்களுடையவை, தவறுகளும் சேர்த்து.

கொட்டில் நன்றாகவே கட்டப்பட்டிருந்தது. இரண்டரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், பலகைச் சுவர், சாய்கூரை. கூரையை ஒட்டி இரண்டு பக்கச் சுவர்களிலும் ஒரு சாண் உயரத்துக்குக் கம்பிவலை அடித்த திறப்பு. காற்று வாத்துகளின் தலைக்கு மேலே போய்வரும், கீழே உட்கார்ந்திருப்பவற்றின் மேல் படாது. தரையில் நாலு விரல் கனத்துக்கு மரச்சீவல். எட்டு வாத்துக்கு இடமும் போதுமானதுதான்.

இரண்டு இனமும் குளிரில் ஒரே மாதிரி இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெக்கின் கனத்த உடம்பு, கொழுப்பும், இறகுக்கு அடியிலிருக்கும் மெல்லிய தூவியும் அதிகம், குளிர்ப் பகுதிகளில் வாழும் காட்டு வாத்தின் வழி வந்தது. மஸ்கோவியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. முகத்தில் சிவப்பாக, பரு பருவாக, இறகே இல்லாத தோல் இருக்கும். ஆணுக்கு இது இன்னும் அதிகம். இறகு மூடாத தோல்தான் குளிரில் முதலில் போகும்.

முதல் குளிர்

மைனஸ் 3, மைனஸ் 4 என்று பத்து நாள் போனது. ஒரு பிரச்சினையும் இல்லை. வாத்துகள் பனியில் நடந்தன, ஒற்றைக் காலில் நின்றன, மற்றக் காலை வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டன. பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும், வாத்துக்கு அது சாதாரணம். அதன் காலில் கீழே இறங்கும் சூடான ரத்தக் குழாயும் மேலே ஏறும் குளிர்ந்த ரத்தக் குழாயும் ஒட்டியே ஓடுகின்றன. இறங்குவது தன் சூட்டை ஏறுவதிடம் கொடுத்துவிடுகிறது. பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே நின்றுகொள்ளும், உடம்புச் சூடு வெளியே கசியாது. பனியில் நிற்பதாலேயே வாத்துக்குக் கால் கெட்டுவிடாது என்பதற்குக் காரணம் இது.

இந்தப் பத்து நாளில் ஒன்று மட்டும் நடந்திருக்கிறது. குளிக்கும் தொட்டி உறைந்துபோனதால் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். குடிக்க ஒரு வாளி மட்டும். அப்போது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூடிய மூன்று இரவுகள்

அப்புறம் ஒரு வாரத்துக்கு மைனஸ் 15-க்குக் கீழே போகும் என்று முன்னறிவிப்பு வந்தது. வீட்டுக்காரர் ஒரு மாலை முழுக்க வேலை செய்து கொட்டிலைத் தயார் செய்தார். திறப்புகளில் நுரைப் பஞ்சைத் திணித்து மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டினார். பலகை இடுக்குகளில் துணி அடைத்தார். ராத்திரி தாகம் எடுக்குமே என்று தண்ணீர் வாளியை உள்ளே வைத்தார். உத்தரத்தில் 250 வாட் வெப்ப விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டார். அக்கறையில்லாதவர் இத்தனையும் செய்திருக்க மாட்டார். அந்த நாலு வேலையும்தான் பின்னால் வந்த சேதத்துக்குக் காரணம் என்றபோது அவருக்கு ஜீரணிக்கவே கஷ்டமாக இருந்தது.

முதல் இரவு தெரியவில்லை. இரண்டாம் காலை, மஸ்கோவிப் பெட்டை ஒன்று வெளியே வரத் தயங்கியது. பனி காலைச் சுடுகிறது போல என்று நினைத்து அன்று எட்டையும் உள்ளேயே வைத்திருந்தார்கள். தீவனமும் உள்ளேயே. மூன்றாம் காலை அந்தப் பெட்டை எழுந்திருக்கவே இல்லை, தூக்கிப் பார்த்தால் இடது பாதம் வெளுத்துச் சில்லென்று இருந்தது. வீட்டுக்காரர் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்துச் சூடேற்றிப் பார்த்திருக்கிறார். ஆண் மஸ்கோவியின் மூக்குக்கு மேலே இருந்த பருவின் நுனி சாம்பல் நிறம். அன்றும் எல்லாம் உள்ளேயே. நான்காம் நாள் மதியம் எனக்கு அழைப்பு வந்தது.

நான்காம் நாள் மாலை பார்த்தது

நான் போனபோது வெளியே மைனஸ் 14. கொட்டில் கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. மண்டிபோட்டு வாத்தின் தலை உயரத்தில் முகத்தை வைத்தால் அமோனியா நெடி இன்னும் கடுமை. ஆள் நின்றபடி மோந்து பார்த்து ‘நாற்றம் இல்லை’ என்று முடிவு செய்யக்கூடாது, வாத்து மூச்சு விடும் இடத்தில் மோந்து பார்க்க வேண்டும்.

கூரையின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. விளக்குக்கு நேர் மேலே மட்டும் அது உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. மரச்சீவலில் உள்ளங்கையை அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. சுவரோரத்தில் அதே சீவல் கல்லாக உறைந்திருந்தது. நான் கொண்டுபோன மானியில் உள்ளே மைனஸ் 7 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல்.

இத்தனை ஈரம் எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்காரர் கேட்டார். கூரை ஒழுகவில்லை, பனி உள்ளே வரவில்லை. எல்லாம் உள்ளேயே உண்டானது. வாத்து எச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். எட்டு வாத்து விடிய விடிய விடும் மூச்சிலும் ஈரம். வாளியில் தலையை முக்கி உதறியதில் சிந்தியது அதற்கு மேல். இதெல்லாம் வெளியேற இருந்த ஒரே வழி அந்த இரண்டு திறப்புகள், அவை பஞ்சு அடைத்து மூடப்பட்டிருந்தன. பகலிலும் உள்ளேயே வைத்ததால் ஈரம் இரட்டிப்பாகியிருந்தது.

பெக்கின்களுக்குப் பாதத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றைத் தூக்கியபோது வயிற்று இறகு பிசுபிசுத்துக் கொத்துக் கொத்தாக இருந்தது, நடுவில் ஒரு பனிக்கட்டி தொங்கியது. வாத்து முதுகில் வால் தொடங்கும் இடத்தில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெய் எடுத்து இறகு கோதுகிறது. குளித்தால்தான் நன்றாகக் கோதும். இரண்டு வாரமாகக் குளியல் இல்லை, படுப்பது எச்சச் சேற்றில். இறகு தண்ணீரைத் தள்ளுவதை நிறுத்திவிட்டது.

உறைந்த குளத்தின் இடுக்குத் தண்ணீரில் காட்டு வாத்துகள் பாட்டுக்கு நீந்துகின்றனவே, ஈரம் இவற்றை மட்டும் ஏன் கெடுத்தது? அன்று வீட்டுக்கார அம்மா கேட்ட நல்ல கேள்வி இது. குளத்தில் உறையாமல் கிடக்கும் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. கொட்டிலின் ஈரச் சீவல் மைனஸ் 7 வரை போனது, பாதத்தில் ஒட்டிய எச்சம் அங்கேயே உறைந்தது. இன்னொன்று, ராத்திரி வாத்து காலைச் சூடாக வைத்துக்கொள்வது வயிற்று இறகுக்குள் செருகித்தான். அந்தக் கம்பளியே நனைந்துவிட்டால் கால் எங்கே போகும்?

எடுத்த முடிவுகள்

முதலில் பெட்டை. இங்கே ஒரு கேள்விக்கு முன்கூட்டியே பதில் வேண்டியிருந்தது: பாதத்தை உருக்கிய பிறகு இது எங்கே இருக்கப் போகிறது? உருகிய பாதம் மறுபடி உறைந்தால் முதல் தடவையைவிடச் சேதம் அதிகம். கொட்டிலுக்குத் திருப்பி அனுப்புவதாக இருந்தால் அன்று அதை உருக்கவே கூடாது. வீட்டை ஒட்டிய சாமான் அறையில் எப்போதும் 8, 10 டிகிரி இருக்கும் என்றார்கள். அதுவே போதும். கூடத்தில் வைத்தால் உடம்பு அந்தச் சூட்டுக்குப் பழகிவிடும், பிறகு வெளியே விடுவது சிரமம். தனியாக விட்டால் தவிக்கும் என்பதால் வயிறு நனைந்த அந்தப் பெக்கினையே துணைக்கு வைத்தோம்.

பேசினில் 39 டிகிரி தண்ணீர், தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து. கையால் தொட்டு ‘சரி, வெதுவெதுப்பு’ என்பது போதாது. குளிரில் மரத்த கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. ஆறும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சூடான தண்ணீர் சேர்த்து இருபது நிமிடம். தேய்க்கவில்லை. உறைந்த தசைக்குள் இருக்கும் பனித் துகள்கள், தேய்க்கும்போது உள்ளிருந்தே கிழிக்கும். முந்தின நாள் காலையில் வீட்டுக்காரர் தேய்த்தது எவ்வளவு கெடுத்தது என்று சொல்ல முடியாது, ஆனால் அவரிடம் மறைக்கவும் இல்லை. பத்து நிமிடத்தில் பாதம் சிவந்து வீங்கியது, பெட்டை துடித்தது. ரத்தம் திரும்பும்போது வலி வரும். வீட்டிலிருந்த மாத்திரை எதையும் கொடுக்கவில்லை. தொலைபேசியில் மருத்துவரைப் பிடித்து, மறுநாள் காலை அவர் பார்த்து வலிக்கும் வீக்கத்துக்கும் மருந்து கொடுத்தார். கொப்புளம் வந்தால் உடைக்க வேண்டாம், கறுத்தால் வெட்ட வேண்டாம், எது பிழைக்கும் எது போகும் என்று தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்றார்.

பெக்கினின் பனிக்கட்டியை இழுக்காமல் தானாக உருகவிட்டோம். மறுநாள் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கவிட்டு, முழுக்கக் காயும்வரை உள்ளேயே வைத்திருந்தோம்.

அடுத்தது கொட்டில். அன்று இருட்டுவதற்குள் சீவல் அத்தனையையும் வாரி வெளியே போட்டோம். உறைந்த ஓரங்களை மண்வெட்டியால் கொத்த வேண்டியிருந்தது. தரையைத் துடைத்து ஒரு முழம் உயரத்துக்கு வைக்கோல் பரப்பினோம், வாத்து மிதித்து அமுங்கினால் அதில் பாதி நிற்கும். வைக்கோல் தாள் உள்ளே குழல் மாதிரி, காற்றைப் பிடித்து வைக்கும், சீவலைவிடச் சூடு. அவர்களிடம் இருந்த மூன்று வைக்கோல் கட்டுகளில் ஒன்றைப் பிரித்ததும் பூஞ்சை வாசம் வந்தது, அதை ஒதுக்கிவிட்டோம். பூஞ்சை பிடித்த வைக்கோல் வாத்தின் நுரையீரலைக் கெடுக்கும், அதற்கு வைத்தியமும் லேசில்லை. மஸ்கோவிக்கு உயரமான இடத்தில் ஏறி உட்காரும் பழக்கம் உண்டு என்பதால் ஒரு சாண் அகலப் பலகை ஒன்றைத் தாழ்வாகப் படுக்கவைத்தோம். குச்சி என்றால் விரல் வெளியே தொங்கும், அகலப் பலகை என்றால் பாதம் முழுக்க வயிற்றின் கீழ் அடங்கும்.

நுரைப் பஞ்சைப் பிடுங்கியபோதுதான் வாக்குவாதம். “இந்தக் குளிர்ல இருக்கிற சூட்டையும் வெளியே விடச் சொல்றீங்களே” என்றார் வீட்டுக்காரர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. திறந்தால் உள்ளே இன்னும் இரண்டு மூன்று டிகிரி குறையும் என்று எனக்கும் தெரியும். காய்ந்த வாத்துக்கு மைனஸ் 10 தாங்கும், நனைந்த வாத்துக்கு மைனஸ் 5-கூடத் தாங்காது என்று சொல்லி ஒரே ஒரு ராத்திரி அவகாசம் கேட்டேன்.

விளக்கையும் கழற்றினோம். காய்ந்த வைக்கோலுக்கு மேலே 250 வாட் சூடு தொங்கினால் ஒரு கொக்கி நழுவினால் போதும். வாத்து தண்ணீரை உதறும் பிராணி, சூடான கண்ணாடியில் ஒரு துளி பட்டாலும் வெடிக்கலாம். நடு ராத்திரியில் மின்சாரம் போனால் சூட்டுக்குப் பழகியவை ஒரேயடியாகக் குளிரில் மாட்டும். இதில் மட்டும் நான் யார் சொன்னாலும் இறங்கி வருவதில்லை.

தண்ணீர் வாளியை வெளியேற்றியது அம்மாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பதினாலு மணி நேர இரவு, தண்ணீர் இல்லாமலா? வளர்ந்த வாத்துக்குத் தீவனமும் தண்ணீரும் இரண்டுமே இல்லாமல் ஓர் இரவு போகும். தீவனம் இருந்து தண்ணீர் இல்லாவிட்டால்தான் ஆபத்து, உலர் குருணை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டையும் அந்தியில் சேர்ந்தே எடுப்பது, விடிந்ததும் சேர்ந்தே வைப்பது என்று முடிவானது.

பகலில் கட்டாயம் வெளியே. காற்று வரும் பக்கம் வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தடுப்பு, பனி மேல் வைக்கோல் தூவி நடைபாதை, அதன் முடிவில் ரப்பர் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், நாளுக்கு நாலு தடவை. ரப்பர் என்றால் உறைந்த கட்டியைக் கவிழ்த்து மிதித்தால் உதிர்ந்துவிடும், பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். ஆழம் வாத்து நாசித் துளையை முக்கிக் கழுவும் அளவுக்கு, உள்ளே இறங்கிக் குளிக்க முடியாத அளவுக்கு.

அடுத்த இரண்டு வாரம்

அந்த இரவு வெளியே மைனஸ் 18. காலையில் உள்ளே மைனஸ் 10, ஈரப்பதம் 70-ஐ ஒட்டி. கூரையில் வெள்ளை இல்லை. ஆறு வாத்தும் கதவு திறந்ததும் தாமாக வெளியே வந்தன. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி எடுத்துப் போனார்.

என் தவறு ஒன்று இரண்டாம் இரவே தெரிந்தது. காற்று நேராக அடிக்கும் பக்கத்துத் திறப்பையும் முழுக்கத் திறக்கச் சொல்லியிருந்தேன். காற்று திரும்பியபோது பொடிப்பனி உள்ளே வந்து ஒரு மூலை வைக்கோலை நனைத்துவிட்டது. வெளியே ஒரு பலகையைச் சாய்வாக அடித்ததும் நின்றது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

ஆறாம் நாள் இன்னொன்று. அவசர வேலையில் மதியத் தண்ணீர் விட்டுப்போனது, தீவனத் தட்டு மட்டும் வெளியே இருந்தது. ஒரு பெக்கின் கழுத்தை நீட்டி நீட்டித் திணறியதை மகள் பார்த்துவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் வைத்தாள். குடித்ததும் இறங்கிவிட்டது. பக்கத்தில் பனி கிடந்தும் உதவவில்லை. பனியைத் தின்று அந்தத் தாகத்தைத் தீர்க்க முடியாது, உடம்புச் சூடும் வீணாகும். அதற்குப் பிறகு தட்டும் தொட்டியும் ஒரே நேரத்தில்தான் வெளியே வரும் என்று வைத்துக்கொண்டார்கள்.

உடம்புக்குச் சூடு என்று மக்காச்சோளத்தைப் பாதிக்குப் பாதி கலந்து கொடுத்துக்கொண்டிருந்ததும் இந்த வாரத்தில்தான் தெரியவந்தது. குளிரில் அதிக எரிபொருள் வேண்டும் என்பது சரி, ஆனால் சோளத்தில் புரதமும் வாத்துக்கு மிகவும் தேவையான நியாசின் என்ற வைட்டமினும் குறைவு. அந்தியில் ஆளுக்கு ஒரு சிறங்கை என்று குறைத்து, வழக்கமான தீவனத்தின் அளவைக் கூட்டினோம்.

தினமும் வைக்கோலைக் கிளறி, ஈரமான இடத்தின் மேல் ஒரு கைப்பிடி புதுசு போடுவது அம்மாவின் வேலையானது. உள்ளங்கையை அழுத்திப் பார்ப்பதை அவர் ஒரு நாளும் விடவில்லை.

ஆறு வாரத்துக்குப் பின்

ஆண் மஸ்கோவியின் பரு நுனி கறுத்துக் காய்ந்து ஐந்தாம் வாரம் தானாக உதிர்ந்தது. உள்ளே தோல் ஆறியிருந்தது. அதற்கு வாசலின் களிம்பு தடவலாமா என்று பலரும் கேட்டார்கள். நாங்கள் தடவவில்லை, பனிக்கடியை, அதாவது குளிரில் தோலும் சதையும் உறைந்து கெடுவதை, அது தடுக்கும் என்று நான் நம்பவும் இல்லை.

பெட்டைக்கு அவ்வளவு லேசாக முடியவில்லை. இரண்டாம் நாள் கொப்புளங்கள், பத்தாம் நாள் ஒன்று உடைந்து சீழ் வைத்ததால் மருத்துவர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்கினார். விரலிடைச் சவ்வின் விளிம்பும் நடுவிரலின் நுனியும் கறுத்து விழுந்தன. நடக்கிறது, லேசான நொண்டல் இருக்கிறது. வெளியே வெயில் ஏறி இரவும் பூஜ்யத்துக்கு மேல் நின்ற பிறகுதான் கூட்டத்தோடு சேர்த்தோம். முதலில் பகலில் மட்டும், பிறகு முழுதாக. துணைக்கு இருந்த பெக்கினின் இறகு இரண்டாம் வாரமே பழையபடி தண்ணீரை உருட்டித் தள்ளியது. எட்டும் உயிரோடு இருக்கின்றன.

இனி மாற்றுவது

திறப்புகளைக் குளிர்காலத்தில் மூடுவதில்லை. சாய்பலகை இரு பக்கமும் நிரந்தரமாக அடிக்கப்பட்டுவிட்டது. உள்ளே ஒரு வெப்பமானியும் ஈரப்பதமானியும் தொங்குகின்றன. ஈரப்பதம் வெளியே இருப்பதைவிட வெகுவாக ஏறினால் வைக்கோலையும் திறப்பையும் பார்க்க வேண்டும் என்பது கணக்கு.

குளியலை முழுக்க நிறுத்தியதுதான் சத்தமில்லாமல் நடந்த தவறு. இனி வெயில் அடித்து உறைநிலைக்கு மேலே போகும் மதியங்களில் ஒரு மணி நேரம் தொட்டி வைத்து, அந்திக்குள் காய அவகாசம் கொடுத்து எடுத்துவிடுவதாக இருக்கிறார்கள். மைனஸ் பத்துப் பதினைந்தில் குளியல் கிடையாது. வைக்கோல் இலையுதிர் காலத்திலேயே வாங்கி, ஒவ்வொரு கட்டையும் பிரித்து மோந்து பார்த்து அடுக்க வேண்டும். நடு ராத்திரி தேவைப்படும்போது பூஞ்சைக் கட்டு கையில் வந்து நின்றால் அப்போது வேறு வழி இருக்காது.

பெட்டை வெளியே வரத் தயங்கிய அந்தக் காலையிலேயே பாதத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். நொண்டும் வாத்துக்கு எப்போதும் பனிக்கடிதான் என்றில்லை. கரடுமுரடாக உறைந்த சேறு குத்தி உள்ளங்காலில் புண் வந்தாலும் இதே நொண்டல்தான், ஆனால் அதில் பாதம் சூடாகவும் அடியில் தடிப்பாகவும் இருக்கும். இதில் பாதம் வெளுத்துச் சில்லென்று இருந்தது. தூக்கிப் பார்த்தால் ஒரு நிமிட வேலை.

ஒரு தடவை பனிக்கடி பட்ட பாதம் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் உறையும். அதனால் மைனஸ் 10-க்குக் கீழே போகும் இரவுகளில் அந்தப் பெட்டைக்குச் சாமான் அறைதான். துணைக்கு அதே பெக்கின் போகும்.